அட்வான்ஸ் கொடுத்து வந்த கொலைகாரன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவன் கடல் தாண்டி வந்து, லாஸ்பேட்டை புரோக்கரைப் பிடித்து, அட்வான்ஸ் கொடுத்து, மாதம் தவறாமல் வாடகையும் கட்டிக்கொண்டு, என்னைக் கொல்லப்போகிறான் என்று நான் நம்பினேன். ஒரு கோடைக்காலம் முழுக்க நம்பினேன். கொலை செய்ய வந்தவன் எதற்காகக் கரண்டு பில்லில் பாதியைக் கொடுக்க வேண்டும் என்று என் மூளை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அந்த நம்பிக்கை உச்சத்துக்குப் போனது ஒரு ஜூலை பதினான்கு காலையில், கடற்கரைச் சாலையில், போர் நினைவுச் சின்னத்துக்கு எதிரே.

அன்று பிரெஞ்சு தேசிய நாள். நாங்கள் சொல்தாக்கள் வரிசையாக நின்றோம். வெளியூர் வாசகர்களுக்காக: சொல்தா என்றால் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். பிரெஞ்சில் அதற்குச் சிப்பாய் என்று பொருள். புதுச்சேரியில் மாடி வீடு என்றும் ஒரு பொருள் உண்டு.

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. பனி பெய்யும் ஊரில் தைத்த கம்பளிக் கோட்டுக்குள் நான் இட்லி மாதிரி வெந்துகொண்டிருந்தேன். கடல் பக்கமிருந்து கருவாட்டு வாசனையும், பக்கத்தில் நின்ற பெரியவரிடமிருந்து ஓடிகொலோன் வாசனையும் மாறி மாறி வந்தன.

எதிர்ப்பக்கத்து நடைபாதையில் அவன் நின்றான். இஸ்மாயில். என் மேல்மாடிக் குடித்தனக்காரன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கூட்டம் முழுக்கக் கொடியைப் பார்க்க, அவன் என் நெஞ்சைப் பார்த்தான்.

என் நெஞ்சில் ஒரு மெடல் இருந்தது. அந்த மெடலில் நான் ஒரு திருட்டுத்தனம் பண்ணியிருந்தேன். அதைச் சொல்வதற்கு முன் ஆளை அறிமுகப்படுத்த வேண்டும்.

கலைச்செல்வி பிடித்த ஆள்

பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியதும் லாஸ்பேட்டையில் வீடு கட்டினேன். மேலே ஒரு மாடி. அதில் யாரைக் குடிவைப்பது என்பதை என் மனைவி கலைச்செல்வி முடிவு செய்வாள். நான் பதினைந்து வருஷம் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து பழகியவன். எனக்கு இதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு மாசி மாதத்து மாலை, நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது வந்து சொன்னாள்.

"மேல் வீட்டுக்கு ஆள் கிடைச்சாச்சுங்க. தங்கமான பையன். எம்.காம். படிக்கிறாராம்."

"எந்த ஊரு?"

"ஆப்பிரிக்கா."

"ஆப்பிரிக்கா ஒரு ஊராடி? காரைக்கால் மாதிரி சொல்ற."

"நீங்க கடைசியா சண்டைக்குப் போனீங்களே, அந்த ஊருதான். உங்களை மாதிரியே பிரெஞ்சு பேசறாரு. உங்களவிட நல்லாவே பேசறாரு."

காபி மூக்கில் ஏறியது. அந்த ஊர் கோத்திவார். தமிழ்ப் பேப்பரில் ஐவரி கோஸ்ட் என்று போடுவார்கள். இருமி முடித்து, எந்தப் பக்கத்துக்காரன் என்று கேட்டேன். அவள் சரியாகவே ஞாபகம் வைத்திருந்தாள்: புவாக்கே. நான் துப்பாக்கியோடு நின்ற இடத்துக்கு அடுத்த பட்டணம்.

"பாவங்க. அவங்கம்மா அங்கதான் இருக்காங்களாம். சண்டையில டெலிபோன் கடைய மூடிட்டாங்களாம், தபாலும் போவலயாம். ரெண்டு வருஷமா ஒரு சேதி இல்ல. இருக்காங்களா இல்லையான்னே தெரியலயாம்."

"எல்லா உளவாளிக்கும் ஒரு அம்மா இருப்பாங்கடி."

"உங்களுக்கும்தான் ஒரு அம்மா இருந்தாங்க. உங்கள யாரு உளவாளின்னாங்க?"

பதில் சொல்ல முடியாத இடத்தில் நான் பேப்பரைப் படிக்க ஆரம்பிப்பது வழக்கம். அன்றைக்கு ராசிபலனைப் படித்தேன். 'வீட்டுக்குப் புது வரவு' என்று போட்டிருந்தது.

மறுநாள் அவன் வந்து இறங்கினான். பெட்டியை மேலே தூக்கிக்கொண்டு போகும் அவசரத்தில் தன் சைக்கிளை எங்கள் கேட்டுக்குக் குறுக்கே சாத்திவிட்டுப் போனான். நான் உள்ளே, சைக்கிள் நடுவே, தெரு வெளியே. அதைப் பார்த்ததும் நான் உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினேன். காரணம் இருந்தது.

பாலத்தடியில் ஒரு வீரன்

நான் எப்படிப் பிரெஞ்சுக்காரன் ஆனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக்காரன் போன பிறகு, எந்த நாட்டுக் குடிமகனாக இருக்க விருப்பம் என்று எங்கள் ஊர்க்காரர்களைக் கேட்டார்கள். என் அப்பா போய்ப் பிரான்சு என்று சொல்லிவிட்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரருக்கு அன்று கழனியில் அறுப்பு, போகவில்லை. அதனால் நான் சொல்தா. அவர் மகன் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர். இரண்டு பேரின் தலையெழுத்தும் ஒரு நாள் அறுப்பில் பிரிந்தது.

பத்தொன்பது வயதில் போனேன். அந்தக் குளிரில் என் காது இரண்டும் இருக்கின்றனவா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். 'நீ எந்த நாடு' என்று பாசறையில் கேட்பார்கள். பிரான்சு என்பேன். 'அது சரி, எந்த நாடு' என்று மறுபடி கேட்பார்கள். ராணுவத்தில் லாரி ஓட்டினேன். சுடுவதைவிட அது எனக்கு நன்றாக வந்தது.

கடைசியாக அனுப்பிய இடம்தான் கோத்திவார். உள்நாட்டுச் சண்டை. வடக்கு கலகக்காரர்கள் கையில், தெற்கு அரசாங்கத்தின் கையில், நடுவில் நாங்கள். சண்டைக்குப் பல காரணம் சொல்வார்கள். எனக்குப் புரிந்த ஒன்று, யாருடைய அப்பன் எந்த எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்தவன் என்பது. அப்பன் தப்பான பக்கத்தில் பிறந்திருந்தால் மகன் அந்நியன். இதற்கு நடுவே தடுப்பு போட்டு நின்றவன் யார்? அறுப்பு இல்லாத அப்பனுக்குப் பிறந்த நான்.

புவாக்கேவுக்குத் தெற்கே ஒரு பாலம். அங்கே எங்கள் தடுப்பு. வருகிற பஸ்ஸையும் லாரியையும் நிறுத்திச் சோதிக்க வேண்டும். சிவப்பு மண் பறந்து வியர்வையில் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் முகம் கழுவினால் செம்பருத்திச் சாறு மாதிரி தண்ணீர் ஓடும்.

ஒரு தடவை பாலத்தின் அந்தப் பக்கமிருந்து சுட்டார்கள். நான் லாரிக்கு அடியில் புகுந்தேன். சுடுவது நின்ற பிறகும் வெளியே வரவில்லை. பதினைந்து வருஷம் பிரெஞ்சில் சல்யூட் அடித்தவன், அங்கே படுத்துக்கொண்டு 'ஐயோ அம்மா, ஐயோ அம்மா' என்று சுத்தமான விழுப்புரம் பக்கத்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேனாம். என் நண்பன் ஜோசெப், நெல்லித்தோப்புக்காரன், காலைப் பிடித்து வெளியே இழுத்தான். "அம்மா வரலடா மாப்ள. நான்தான் வந்திருக்கேன், எழுந்திரு" என்றான்.

அந்த வாரம் எங்கள் கூட்டத்தில் ஒருவன் திரும்பவில்லை. அவனைப் பற்றி இந்தத் தொடரில் சிரிக்கச் சிரிக்க எழுத முடியாது. விட்டுவிடுகிறேன்.

அந்தப் பாலத்தில் இரண்டு பேருக்கு நான் பயந்தேன். ஒருவன் கிழங்கு லாரி டிரைவர். மேலிடத்து உத்தரவு, அவன் லாரியை விடக்கூடாது என்று. கிழங்கு அழுகி நாறியது. அவன் என் முகத்தைக் கூர்ந்து பார்த்துச் சொன்னான்: "நீ வெள்ளைக்காரன் இல்லை. இந்தியாக்காரன். உன் ஊரை விசாரித்துக்கொண்டு வருவேன். உன் வீட்டு வாசலுக்குக் குறுக்கே நான் தடுப்பு போடுவேன்."

இன்னொருத்தி வாழைக்காய் பொரித்து விற்கிற அம்மாள். பாலத்தருகே வரிசையாக அடுப்பு வைத்திருந்த பெண்களில் ஒருத்தி. தலையில் நீலத் துணி. என்னைக் கண்டால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவாள். சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வாள். "இந்தியன், இந்தியன்" என்பதைத் தவிர ஒரு சொல் புரியாது. மற்றதெல்லாம் அவர்கள் பாஷை. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்கும், சார்ஜண்ட் முறைப்பார். அந்த டிரைவரின் மிரட்டலுக்குப் பிறகு, யார் என் சட்டையைத் தொட்டாலும் கொல்ல வந்தவர் என்றே எனக்குத் தோன்றியது. இரண்டு துண்டு வாழைக்காய் வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவேன். அப்படியும் விடமாட்டாள். "உனக்கு மாமியார் கிடைச்சிட்டாங்க" என்று ஜோசெப் சிரிப்பான்.

இப்போது புரிந்திருக்கும், கேட்டுக்குக் குறுக்கே சாத்திய சைக்கிளைப் பார்த்து நான் ஏன் உள்ளே ஓடினேன் என்று.

ஐந்து மாதக் குளியல்

மாடிப்படியில் முதல் தடவை எதிரே வந்தபோது, "நீங்கள் பிரான்சில் என்ன வேலை பார்த்தீர்கள், தோந்தோன்?" என்று இஸ்மாயில் பணிவாகக் கேட்டான். தோந்தோன் என்றால் மாமா. அவர்கள் ஊரில் வயதில் மூத்த ஆண்களையெல்லாம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஓட்டலில் சமையல்" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை. பால்காரர் தெருவிலிருந்து கூவினார்: "சொல்தா, பால்."

இஸ்மாயில் தெருவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிரெஞ்சு தெரிந்தவனிடம் ராணுவத்தை மறைக்க நினைத்த எனக்கு, ஊரே அந்தப் பிரெஞ்சுச் சொல்லைத்தான் பெயராக வைத்திருக்கிறது என்பது மறந்துபோயிருந்தது. அன்று மட்டும் காஸ் சிலிண்டர்காரர் ஒரு தடவை, இஸ்திரிக்காரர் ஒரு தடவை, பந்து உள்ளே விழுந்த பசங்கள் நாலு தடவை. "சொல்தா, பந்து எடுத்துக்கட்டுமா?" எல்லாம் இஸ்மாயில் காதில் விழுந்தது. லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் படியிறங்கும் சத்தம் கேட்டால் நான் பின்வாசல் வழியாக ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் போய்விடுவேன். மீன் ஏலம் போடும் கூட்டத்தில் ஒருவனைக் கொல்வது கஷ்டம். சும்மா நின்றால் சந்தேகப்படுவார்கள் என்று மீனும் வாங்கிவிடுவேன்.

"நேத்து வாங்கின சங்கராவே இன்னும் இருக்கு" என்பாள் கலைச்செல்வி. "நீங்க என்னா, படகு வாங்கப் போறீங்களா?"

ஒரு நாள் மதியம் மேலேயிருந்து வாசனை வந்தது. பழுக்கப் போகிற மொந்தன் வாழைக்காயை எண்ணெயில் போட்டால் எழும்பும் இனிப்பு வாசனை. சாய்வு நாற்காலியில் கிடந்தவன் ஒரு நொடியில் பாலத்துக்குப் போய்விட்டேன். சட்டைக் கையை யாரோ பிடிக்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் காலடிச் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இஸ்மாயில் கையில் கத்தி.

குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டேன். சந்தேகம் வராமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டேன். வெளியே பேச்சு கேட்டது. இஸ்மாயில் கலைச்செல்வியிடம் தமிழ் கற்றுக்கொண்டிருந்தான்.

"அக்கா, கத்தி. ரொம்ப தாங்ஸ். நல்லா வெட்டுது."

"தட்டுல என்னாப்பா? பொரிச்சதா? எனக்கா?"

"உங்களுக்கு, தோந்தோனுக்கு. தோந்தோன் எங்கே?"

"குளிக்கிறாரு."

"காலைல குளிச்சாரு."

"அவரு அப்படித்தான். சுத்தமான ஆளு."

"அக்கா, தோந்தோன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுப்பா. வரட்டும்."

அவன் காத்திருந்தான். நான் தண்ணீர் டாங்கு காலியாகும் வரைக்கும் குளித்தேன். கொலைகாரர்கள் வாழைக்காய் கொடுத்து நம்ப வைப்பார்கள் என்று எங்கேயோ படித்த மாதிரிகூட எனக்கு இருந்தது.

நெஞ்சில் எழுதிய ஊர்

இனி அந்தத் திருட்டுத்தனம்.

வெளிநாட்டுச் சண்டைக்குப் போனவர்களுக்குப் பிரெஞ்சு ராணுவம் ஒரு மெடல் கொடுக்கும். அதன் நாடாவில் ஒரு சின்ன உலோகப் பட்டை கோத்திருக்கும். எந்த நாட்டில் சண்டை பார்த்தானோ அந்த நாட்டின் பெயர் அதில் பொறித்திருக்கும். ஒளிந்து வாழ நினைக்கிறவனுக்கு இதைவிட வில்லங்கமான நகை கிடையாது.

ஜூலை பதின்மூன்றாம் தேதி கலைச்செல்வி கோட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இஸ்மாயில் தம்பியையும் நாளைக்குப் பீச்சுக்கு வரச் சொல்லியிருக்கேன். நீங்க மெடல் குத்திகினு நிக்கறதப் பாக்கட்டும்."

அவள் அடுப்படிக்குப் போனதும் பட்டையை உருவி, பெயர் உள்பக்கம் போகும்படி திருப்பிக் கோத்தேன். மெடல் இல்லாமல் போனால் எங்கள் சொல்தாக்கள் சங்கத்தில் கேள்வி வரும். மெடலும் இருக்கும், ஊரும் தெரியாது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் சங்கத் தலைவர் வரிசையைப் பார்வையிட்டார். எண்பது தாண்டியவர். இந்தோசீனாவில் சண்டை பார்த்தவர். எல்லோரும் பெரிய முசியே, அதாவது பெரிய ஐயா, என்போம். ஒரு கண்ணில் புரை, ஆனால் மெடல் விஷயத்தில் அந்தக் கண்ணும் தெரியும். என் முன்னால் நின்றார்.

"இது என்னாடா? பட்டை திரும்பியிருக்கு."

"தேய்ஞ்சிடக் கூடாதுன்னு, முசியே..."

"பேண்ட்டத் திருப்பிப் போட்டுகினு வந்திருந்தாகூட விட்டிருப்பேன். உன் கூடப் போய்த் திரும்பி வராதவன் எந்த ஊர்ல உசுர விட்டான்? அந்த ஊர மூடி வெச்சிகினு இங்க வந்து நிக்கறியா?"

திருப்பலாம் என்று கையைத் தூக்கினேன். கொம்பு ஊதிவிட்டார்கள். அசையக் கூடாது.

சாலையைத் தாண்டி

மலர்வளையம் வைத்தார்கள். இரண்டு நாட்டுப் பாட்டும் வாசித்தார்கள். வரிசை கலைந்தது. இஸ்மாயில் சாலையைக் கடந்து நேராக என்னை நோக்கி நடந்து வந்தான்.

முன்னால் அவன். பின்னால் கடல். பக்கத்தில் பெரிய முசியே. ஓட இடமில்லை. மெடலோடு விழுந்தால் பேப்பரில் படம் நன்றாக வரும் என்று ஒரு யோசனை வந்தது. அவன் கை என் நெஞ்சுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

ஊக்கைக் கழற்றினான். பட்டையை உருவித் திருப்பினான். மறுபடி கோத்து, நேராக வைத்து, ஊக்கைக் குத்தினான். பிறகு தன் நாட்டின் பெயரைச் சத்தமில்லாமல் படித்தான்.

"இது எனக்கு முதல் நாளே தெரியும், தோந்தோன்" என்றான் பிரெஞ்சில். "புரோக்கர்தான் சொன்னார், வீட்டுக்காரர் சொல்தா, உன் நாட்டில் இருந்தவர் என்று. என் காலேஜ் பக்கத்திலேயே இதைவிடக் குறைந்த வாடகைக்கு ரூம் இருந்தது. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றுதான் இங்கே வந்தேன். நீங்கள் குளித்துக்கொண்டே இருந்தீர்கள்."

நான் ஏதோ சிரிக்கும்படி சொல்ல வாயெடுத்தேன். அவன் நிறுத்தவில்லை.

"என்னைக் கண்டால் ஓடினீர்கள். அங்கே எதையோ பார்த்திருக்கிறீர்கள், அதை என் முகத்துக்கு நேரே சொல்ல உங்களுக்கு மனமில்லை என்று நினைத்தேன். போன மாதம் நான் அம்மாவுக்காக முல்லா வீதிப் பள்ளிவாசலில் துவா செய்தேன். இறந்தவர்களுக்குச் செய்கிற துவா."

பெரிய முசியே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

இஸ்மாயில் சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோ எடுத்தான். பழைய படம், முகத்தில் பாதி நிழல். அடுப்புக்குப் பின்னால் ஒரு பெண். பாலத்துக்குப் பக்கத்தில் வாழைக்காய் பொரித்து விற்பார், பார்த்திருக்கிறீர்களா என்றான். பத்துப் பெண்கள் விற்றார்கள், நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்றேன். அது உண்மைதான். நிழலில் அடையாளம் தெரியவில்லை. தலையில் துணி இருந்தது, கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் எப்படித் தெரியும்?

ஆனால் ஜோசெப்பை அந்த வருஷம் மறுபடி அங்கேதான் அனுப்பியிருந்தார்கள். பென்ஷனுக்கு அவனுக்கு இன்னும் மூன்று மாதம் பாக்கி. அன்றைக்கே கடற்கரைச் சாலை எஸ்.டி.டி. பூத்துக்குள் கோட்டோடு நுழைந்து பிரான்சில் இருந்த அவன் மனைவிக்குப் போன் போட்டேன், அவனைப் பிடித்து இஸ்மாயிலின் அம்மாவைத் தேடச் சொல்ல.

ஆடி பிறந்து ஒரு சாயங்காலம் ஜோசெப் கூப்பிட்டான். லைன் கரகரத்தது. கலைச்செல்வி ஸ்பீக்கரை அழுத்தினாள். இஸ்மாயில் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். கீழே இறங்கி வரவில்லை.

"மாப்ள, அந்தம்மா உசுரோடதான் இருக்காங்க. நல்லாருக்காங்க. அதே பாலத்துக்கிட்ட, அதே அடுப்பு."

கலைச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு படிக்கு ஓடினாள். அவள் அவனிடம் என்ன சொன்னாள் என்று என் காதில் விழவில்லை. ஜோசெப் பேசிக்கொண்டே இருந்தான்.

"நான் எங்க தேடினேன்? அவங்கதான் வந்து என் சட்டையப் புடிச்சிகினாங்க. பக்கத்து அடுப்புப் பொண்ணு பிரெஞ்சுல சொன்னப்புறம்தான் எனக்கே வெளங்குச்சு. நம்ம மூஞ்சியா எந்தச் சிப்பாய் வந்தாலும் அந்தம்மா ஒரே கேள்விதான் கேக்குமாம். 'என் புள்ள இஸ்மாயில் உங்க நாட்டுக்குப் படிக்கப் போனான், பாத்தியா'ன்னு. தலையில நீலத்துணி, மாப்ள. ஞாபகம் இருக்கா? உன் மாமியார்."

அவள்தான். நான் பாலத்தில் நின்ற மாதங்களிலெல்லாம் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு மகனைப் பற்றிக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் நான் இரண்டு துண்டு வாழைக்காய் வாங்கிக்கொண்டு ஓடினேன்.